மூப்பரின் ஹை பாஸ்

சிங்கராசா மூப்பருக்கு எலெக்ட்ரோனிக்ஸ் தெரியாது. அதில் குற்றமில்லை, எனக்கும் வலை பொத்தத் தெரியாது. ஆனால் நான் வலைக்காரரைக் கூப்பிட்டு வைத்து வகுப்பு எடுப்பதில்லையே!

விடத்தல்தீவுக்குச் சனம் திரும்பி வந்த அடுத்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசுகாலம் அது. கோயிலுக்குக் கூரை வந்துவிட்டது, மின்சாரம் வரவில்லை. ஜெனரேற்றரில் ஒலிபெருக்கியைப் போட்டால் செபத்துக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். மன்னார் பஸ் நிலையத்தடியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் என்னை அதற்காகக் கூப்பிட்டவர் கோயில் சனத்துக்குத் தலைவரான மூப்பர்தான். சண்டைக்காலம் முழுவதையும் கொழும்பில் கழித்துவிட்டு, முதல் ஆளாக ஓடிவந்து கோயில் திறப்புக்கொத்தை வாங்கி இடுப்பில் கொழுவிக்கொண்ட பெரிய மனிசன்.

"இரைச்சல் கீழ்ச்சுருதியிலை வருது மூப்பர். கீழ்ச்சுருதியை மறிச்சு மேல்சுருதியை விடுற பில்ரர் ஒண்டு போடவேணும். ஹை பாஸ் எண்டு சொல்லுறது" என்றேன்.

"அப்ப லோ பாஸும் இருக்கோ?"

"இருக்கு. அது மறுவளம்."

"அது வேண்டாம் பிள்ளை. எங்கட கோயிலுக்கு ஹை பாஸே போடும். லோ பாஸ் கண்டவன் நிண்டவனெல்லாம் வைச்சிருப்பான்."

மனிசன் சென்றியில், காவல் தடையில், காட்டுகிற பாஸை நினைத்துப் பேசுகிறார்! துண்டு இல்லாமல் ஒரு தடையும் தாண்ட முடியாதிருந்த காலத்துப் பாஸ். பிழையான நியாயத்துக்குச் சரியான சாமானைக் கேட்ட ஆளை என் தொழிலில் அன்றுதான் கண்டேன்.

கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த மாக்கிறட் அக்கா சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து போகும்போது அவருடைய கணவர் பெனடிக்ற் வயிற்றில் காயத்தோடு, பாஸ் இல்லையென்று ஒரு தடையில் மறிக்கப்பட்டுப் பாதையோரத்திலேயே செத்தவர். செபம்கூடச் சொல்லாமல் புதைத்துவிட்டு வந்தார்கள். ஊர் திரும்பினால் முதல் பெரிய வெள்ளியில் மகனை இழந்த மாதாவின் புலம்பலைத் தானே பாடுவதாக அக்கா முகாமில் நேர்த்தி வைத்திருந்தார்.

"அப்ப தங்கச்சி, உதுவும் ஒரு சென்றிதானோ?" என்று கேட்டார்.

"ஓமக்கா. இந்த ரெசிஸ்ரரும் கப்பாசிற்றரும் சேர்ந்துதான் ஆரை விடுறது, ஆரை மறிக்கிறது எண்டு பாக்கும். ஆனா அதுகளை மட்டும் போட்டா, விடுற ஆளையும் இளைக்கப்பண்ணித்தான் விடும், எல்லையும் இறுக்கமா இராது. இந்த எட்டுக்கால் சிப்தான் ஒப் ஆம்ப். எல்லையை இறுக்கிப் பிடிச்சு, தாண்டின ஆளைத் தன்ர பலத்திலை தெம்பா அனுப்பும்."

"எல்லையை எங்கை போடுறதெண்டு ஆர் சொல்லுறது?"

மூப்பருக்கு ஏழு சென்மம் எடுத்தாலும் வராத கேள்வி. "இந்தத் திருகு" என்று காட்டினேன். "மேலை திருகினா உள்ளுக்கை ரெசிஸ்ரர் குறையும், எல்லை மேலை போகும். கூட மேலை போனா உங்கட தடிச்ச குரலும் மறிபடும்."

மூப்பர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். என் வாயில் வசம்பு வைத்துத் தேய்த்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை ஒத்திகை. பில்ரர்ப் பெட்டி மூப்பரின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. இரைச்சல் துப்புரவாக நின்றுவிட்டது. ஆனால் மாக்கிறட் அக்கா வாயைத் திறந்ததும் அந்தத் தடித்த குரல் ஒலிபெருக்கியில் நுளம்புச் சத்தமாகத்தான் வந்தது.

"பாத்தியோ மாக்கிறட், மெசினே உன்ர குரலை ஏற்குதில்லை. நான் என்ன செய்யிறது? எடித் பாடட்டும்" என்றார் மூப்பர். எடித் அவருடைய மகள், கொழும்புக் கொன்வென்ற் குரல். அவள் எழும்பி வரும்போது அவரின் கை திருகைக் கீழே இறக்கியதை என் கண்ணால் கண்டேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

"நான் நேர்த்தி வைச்சனான் மூப்பர்." அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது.

"மாதாவுக்கு விளங்கும்" என்றார் அந்தப் பெரிய மனிசன்.

நேரே போய்ப் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "மூப்பரோடை கொளுவாதையும் பிள்ளை. வெள்ளிக்கிழமை மாக்கிறட்டே தொடங்கட்டும். குரல் எடுபடாட்டி எடித் ஏறட்டும்."

சுவாமிக்கு முதுகெலும்பு இல்லை, எனக்குக் குறடு இருந்தது. கொஞ்சம் திருத்த வேலை இருக்கிறது என்று பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். திருகுக்குப் போகும் வயர்களை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மாறாத ரெசிஸ்ரர் இரண்டைப் பற்றவைத்தேன். எல்லை இரைச்சலுக்குச் சற்று மேலே, அக்காவின் குரலுக்குக் கீழே. திருகை மட்டும் அப்படியே விட்டு, மூப்பருக்குப் பிடிக்குமென்று அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்துவரை இலக்கமும் எழுதினேன்.

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. கோயில் கொள்ளாத சனம். அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். மூப்பரின் கை ஏழுக்குப் போனது. குரல் அப்படியே வந்தது, தடித்து, கரகரத்து, ஈரத்தோடு. கை பத்துக்குப் போனது. குரல் இன்னும் ஏறியது. மூப்பர் திருகை ஒன்றுக்கும் பத்துக்குமாகப் போட்டு உருட்டினார், நெற்றியால் வேர்வை ஓடியது. எனக்கு வந்த சிரிப்பைக் கைலேஞ்சியால் பொத்தினேன்.

பிறகு சிரிப்பு நின்றது. 'என் மகனே' என்று வரவேண்டிய இடத்தில் அக்காவின் வாயில் 'பெனடிக்ற்' என்று வந்துவிட்டது. ஒருவரும் திருத்தவில்லை. எடித் முழங்காலில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

முடிந்ததும் மூப்பர் சுவாமிக்கு முன்னால் என்னைப் பிடித்தார். "உம்மட திருகு வேலை செய்யுதில்லை பிள்ளை!"

"இரைச்சல் ஒண்டும் இல்லையே. நீங்கள் என்னத்தை மறிக்கத் திருகினனீங்கள் மூப்பர்?"

 சுவாமி முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

மாக்கிறட் அக்கா முக்காட்டை மடித்தபடி வந்தார். பத்தில் நின்ற திருகைப் பார்த்தார், பிறகு மூப்பரைப் பார்த்தார்.

"இந்தமுறை என்ர அவரை ஒருத்தராலையும் மறிக்கேலாமப் போச்சு" என்றார்.