டினேயோ எடுத்த இரண்டாவது நகல்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஜொகானஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனில் நான் வேலை பார்த்த சலவை ஆலையில், ஆள் சேர்க்கும் டினேயோ, புதிதாக வந்த ஒருவனின் பாஸ்போர்ட்டை இரண்டு நகல் எடுத்தாள். ஒன்று கோப்புக்கு. இன்னொன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று எனக்கு அங்கே கடைசி நாள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

"ஜொகானஸ்பர்க்கின் குளிர்காலக் காலையில், ஆலையின் நீராவி..." (வேண்டாம். குளிரை வைத்துத் தொடங்குகிறவனை நானே நம்பமாட்டேன்.)

சரி, இப்படி: பாஸ்போர்ட்டில் பெயரைப் படித்ததும் டினேயோவின் கை நின்றுவிட்டது. முனாஷே. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் பத்தே நாளில் வருகிறேன் என்று அவளிடம் சொல்லி ஜிம்பாப்வேக்குப் பேருந்து ஏறி, மூன்று வருடமாக வராதவன். படமும் அவனுடையதே. எதிரே உட்கார்ந்திருந்தவன்தான் வேறு ஆள்.

(ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் காகிதத்தில் இன்னொருவர் வேலை செய்வது இங்கே புதிதல்ல. ஆனால் வேலை அனுமதியையும் முகத்தையும் ஒப்பிட்டு, "இவர்தான் அவர்" என்று கையெழுத்துப் போட வேண்டியவள் டினேயோ. பொய் வெளியே வந்தால் முதலாளி மாட்டுவார், இவள் வேலையும் போகும்.)

3

அவள் நேராகக் கேட்கவில்லை. முனாஷே சொல்லிக்கொடுத்த அவன் ஊர் வழக்கப்படி கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, அவன் குலத்துக்குரிய விலங்கைச் சொல்லி வரவேற்றாள்.

"வாங்க சிங்கமே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

வந்தவனும் கைதட்டினான். வாய் முந்திக்கொண்டது. "சௌக்கியம்க்கா. ஆனா நாங்க சிங்கம் இல்ல, குரங்கு."

பெயரை மாற்றிச் சொல்லலாம், படம் பழசு என்று சாதிக்கலாம். அடுத்தவன் குலவிலங்கைத் தனதென்று ஏற்க அந்த ஊர்க்காரர்களுக்கு நாக்கு எழாது.

"படத்துல இருக்கறவரு சிங்கம்ப்பா," என்றாள்.

"மூணு பிள்ளைங்கக்கா. வேலைய மட்டும் குடுங்க, வேற எதுவும் கேக்காதீங்க."

"கேட்டா சொல்லுவியா?"

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்," என்று தரையைப் பார்த்தான்.

4

இந்த இடத்தில் டினேயோ மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் உடனே "முனாஷே எங்கே?" என்று கேட்கவில்லை? நானாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மூன்று தடவை எழுதிக் கிழித்த பிறகு புரிந்தது. திரும்பி வர நினைக்கிறவன் இந்தப் பாஸ்போர்ட்டைக் கைவிடுவானா? அவன் இனி வரமாட்டான் என்பதை இன்னொருவன் வாயால் கேட்க அவளுக்குத் திராணி இல்லை. அவ்வளவு ஆசை அவன்மேல்.

(இரண்டாவது நகல் எதற்கு? அவன் படம் இருந்த செல்போனை எப்போதோ வேனில் தொலைத்துவிட்டாள்.)

ஒரு முடிவு: கேட்டுவிடுகிறாள். தெரிந்துகொண்ட பிறகு அவன் பெயரில் இன்னொருவனை நிறுத்த மனம் ஒப்பாது. வந்தவன் வெறுங்கையோடு பிள்ளைகளிடம் போகிறான்.

இன்னொன்று: கேட்காமல் கையெழுத்துப் போடுகிறாள். இனி தினமும் வாசலில் நின்று அந்தப் பெயரை அவளே கூப்பிட வேண்டும்.

அவள் பேனாவை எடுத்து, "இவர்தான் அவர்" என்ற கட்டத்துக்கு நேரே

5

முடியவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால், காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் ஓரமாக நில்லுங்கள். டினேயோ வருகைப் பதிவைப் படிப்பாள். "முனாஷே" என்று அவள் கூப்பிட்டு, ஒரு குரல் "இருக்கேன்க்கா" என்று பதில் சொன்னால், அவள் கேட்கவே இல்லை என்று பொருள்.

என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.