இரண்டு பெட்டிக்கும் விபூதி

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பிளாக்கிலேயே டெலிபோன் இருப்பது என் வீட்டில் மட்டும்தான். அதனால் எல்லார் வீட்டுச் சமாசாரமும் என் ஹால் வழியாகத்தான் போகவேண்டும். நானாகத் தேடிப் போவதில்லை.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் மேல்வீட்டு வைத்திக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. வைத்தி ஒரு சர்க்கார் பரீட்சை ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த அறையில் ஏசி மனிதர்களுக்கு இல்லை, மெஷினுக்கு என்று பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

வந்தது ஒருவகையில் நல்ல சேதிதான். இரண்டு டிஸ்க் பெட்டிகளில் ஒன்று கிறீச்சிட்டு நின்றுவிட்டதாம். நாடு முழுக்கப் பரீட்சை எழுதிய பிள்ளைகளின் மார்க் இரண்டிலும் ஒன்றுபோல ஏறுவதால், மெஷின் மற்றதை வைத்து ஓடிக்கொண்டே இருக்கிறதாம். காலையில் இன்ஜினீயர் வந்து பார்ப்பாராம்.

அப்புறம் ஏன் இவர் முகம் சுண்ணாம்பாய் வெளுக்கிறது? சோபாவில் சரிந்தவரிடம் காபியை நீட்டினேன். நான் விடாமல் கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது.

காலையில் ஆபீசில் ஆயுத பூஜை. டைப்ரைட்டருக்கு இட்ட கையோடு வைத்தி டிஸ்க் பெட்டியின் மூடியிலும் விபூதியைக் குழைத்துப் பட்டையாக இட்டிருக்கிறார். உள்ளே தட்டு சுழல்கிறதாம்; அதன்மேல் முள் ஒன்று தலைமுடி நுழையாத இடைவெளியில் மிதக்கிறதாம். பூஜைக்கு அப்புறம் தட்டு மாட்ட மூடியைத் திறந்தபோது காய்ந்த விபூதி ஒரு துகள் உதிர்ந்திருந்தாலும் அந்த முள்ளுக்கு அது பாறாங்கல்.

"சரி, அந்தப் பெட்டிதான் போச்சே. இன்னொண்ணு இருக்கே?" என்றேன்.

"ரெண்டுக்கும் இட்டேன்," என்றார் வைத்தி. "ஒண்ணுக்கு இட்டுட்டு இன்னொண்ணை எப்படி விடறது?"

டேப்பில் வேறு பிரதி இல்லையா என்றேன். அது போன மாதத்தோடு நிற்கிறதாம்.

அதற்குள் அவர் மனைவி ஜலஜா இறங்கி வந்துவிட்டாள். இரண்டாவதையும் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றார் வைத்தி. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் சஸ்பெண்ட். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும்.

"மெஷின்னா கெட்டுத்தான் போகும்," என்றாள் ஜலஜா தாழ்ந்த குரலில். "விடியற வரைக்கும் ஓடிட்டா, நீங்க முன்னாடியே போய்த் துடைச்சுடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓடலேன்னா?" என்றார் வைத்தி.

வைத்தி டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான், மணி அடித்துவிடக் கூடாதே என்று. அடித்தால் இரண்டாவதும் கிறீச்சிட்டது என்று அர்த்தம். பிறகு வைத்தி எழுந்து, டயலைத் தப்புத்தப்பாக இரண்டு முறை சுழற்றி, ஒருவழியாக அதிகாரி சோப்ராவைப் பிடித்தார்.

"சாப், தூஸ்ரா பீ பந்த் கர்வா தீஜியே," என்றார். மற்றதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. விபூதியை அந்தப் பஞ்சாபிக்கு இந்தியில் விளக்குவதற்குள் வைத்தியின் சட்டை நனைந்துவிட்டது. போன் பட்டென்று வைக்கப்பட்டது எனக்கே கேட்டது.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் விளக்கைப் போடவில்லை.

மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். சோப்ராவேதான். நிறுத்தியாகிவிட்டது, தட்டில் கீறல் இல்லை, மார்க் எல்லாம் பத்திரம் என்றார். காலையில் வைத்தி மெஷின் பக்கம் போகாமல் நேராகத் தன் அறைக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டையும் அப்படியே சொன்னேன். வைத்தி முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். ஜலஜாவுக்கு இரண்டாம் பாதிதான் காதில் விழுந்தது.