நாலு மூலை மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அன்வர் பாஷா கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பாயில் மல்லாந்து கிடந்தார். திருவூடல் தெருவில் இருபத்திரண்டு வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைப் பெட்டிக்குள் பிடித்த கண் அது. இப்போது அந்தக் கண்ணில் யாரோ ஒரு படி ஆற்றுமணலைக் கொட்டி இமையை இழுத்து மூடிவிட்டுப் போன மாதிரி இருந்தது. முந்தின நாள் வேலை செய்த நேரத்தில் ஒரு உறுத்தலும் இல்லை. சாயங்காலம் கடை மூடப் போகையில்தான் ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் தாரை தாரையாகத் தண்ணீர். பகல் முழுக்க இருட்டறையை விட்டு வெளியே வராதவருக்குக் கன்னமும் கழுத்தும் வெயிலில் வெந்த மாதிரி சிவந்து கிடந்தன. மனைவி ஜாஹிராவுக்கு இதில் ஒரு மர்மமும் இல்லை.

"மெட்ராஸ் போனீங்க. மெட்ராஸ் கண்ண வாங்கிக்கினு வந்துட்டீங்க," என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடி நனைத்து வைத்தாள்.

அவர் பயந்திருந்தார். கை போனால் வேறு யாராவது பொத்தானை அழுத்துவார்கள். கண் போனால் என்ன செய்வது என்பதை அவர் மேலும் கீழுமாக யோசித்துப் பார்த்துவிட்டார், ஒன்றும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு காகிதம். பத்து நாளைக்கு முன்னால் அடி அண்ணாமலையிலிருந்து காசியம்மாள் என்று ஒருத்தி அதைத் தாம்பூலப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மலை சுற்றுகிற பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குழம்புக்கு அரைத்துக் கொடுக்கிறவள். புருஷன் ஆதிமூலம் ஏரி மதகுக்குக் காவலாக சர்க்கார் சம்பளம் வாங்கியவன், கார்த்திகை முடிந்த நாலாம் நாள் செத்துப்போனான். கருமாதி சாப்பாடு செரிக்கும் முன்பே அவன் தம்பி, 'இவ எங்கண்ணன் பொண்டாட்டியே இல்ல, சும்மா சேத்துக்கினவ' என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். கல்யாணத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மண்ணுக்குப் போய்விட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய லக்கினப் பத்திரிகை ஒன்றுதான் சாட்சி. அதுவும் போன மழையில் கூரை ஒழுகி, தகரப் பெட்டிக்குள் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து வெறும் பழுப்புத் தாளாக இருந்தது.

"எனக்கு படிக்கத் தெரியாதுங்க பாய். ஆனா பந்தல்ல பெரியவரு படிச்சத காதால கேட்டேன். ஆதிமூலத்துக்கும் காசியம்மாளுக்கும்னு நிறுத்தி நிதானமா படிச்சாரு," என்றாள். "பொண்டாட்டினு ஒரு வார்த்த எழுதி வாங்கிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். அது உண்மையில் அவளுக்குப் பேசின மாப்பிள்ளை இல்லை. அக்காவுக்குப் பேசினது. நாள் குறித்த பிறகு அக்கா அம்மை போட்டுப் போய்ச் சேர்ந்தாள். போட்ட பந்தலைப் பிரிக்க வேண்டாம் என்று இவளை உட்கார வைத்துவிட்டார்கள். பதினஞ்சு வயசு. அழவும் விடவில்லை, சிரிக்கவும் விடவில்லை என்றாள். அன்வர் பாஷா இந்த மாதிரி எத்தனையோ கேட்டிருக்கிறார், ம் கொட்டினார்.

காகிதத்துக்கு வழி சொன்னவர் காலேஜில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராக இருக்கும் சக்கரபாணி. ப்ளூ பிளாக் மையில் இரும்பு இருக்கிறது, நிறம் தண்ணீரில் போனாலும் இரும்பு தாளை விட்டுப் போகாது, புற ஊதா விளக்கில் பிடித்தால் தாள் மினுங்கும், எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும் என்றார். மெட்ராஸில் மூர் மார்க்கெட்டில் கிடைக்கும், கறுப்பு டியூப்பாகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கடைக்காரன் இரண்டு டியூப்பை எடுத்துப் போட்டான். இரண்டும் ஒரே நீளம், ஒரே சோக்கில் மாட்டுவது. ஒன்று கண்ணாடி முழுக்கக் கறுத்துக் கிடந்தது, போட்டால் அழுதுவடிகிற மாதிரி ஒரு ஊதா. இன்னொன்று பளிங்கு, போட்ட மாத்திரத்தில் நீலமாய்ச் சுரீரென்று எரிந்தது. அன்வர் பாஷா இருபத்திரண்டு வருஷம் ஸ்டூடியோ விளக்கோடு குடித்தனம் செய்தவர். பல்பு உள்ளே கறுத்தால் அதன் ஆயுசு முடிந்தது என்று அர்த்தம். கறுத்த பல்பை நம்பிக் கல்யாண ஜோடியை உட்கார வைத்த எந்த போட்டோக்காரனும் உருப்பட்டதில்லை. வாத்தியாருக்கு என்ன தெரியும், கடைக்காரன் கறுத்ததைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்து, வெள்ளையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். சனிக்கிழமை மத்தியானம் இருட்டறையில் அதன் கீழே முகத்தை ஒரு சாண் தூரத்தில் நீட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறை முழுக்க மின்னல் அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனை. எழுத்து ஒன்றும் எழவில்லை.

சக்கரபாணி விஷயம் கேள்விப்பட்டு ஞாயிறு மத்தியானம் வந்தார். டியூப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனச்சுட்டீங்களே பாய். இது ஆபரேஷன் தியேட்டர்ல கிருமி சாகறதுக்குப் போடறது. எல்லாரையும் வெளிய அனுப்பி கதவ சாத்திட்டுதான் சுவிட்ச தொடுவாங்க."

"கண்ணு?" என்றார் அன்வர் பாஷா. துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு நாள்ல சரியாயிடும். கசக்காதீங்க. நாளைக்கும் எரிச்சல் கம்மியாவலன்னா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும். கறுப்பு டியூப்ல கண்ணாடியே கறுப்புங்க, அது கெட்டது இல்ல. வெளிச்சத்த நிறுத்திட்டு வேண்டியத மட்டும் வெளிய விடறதுக்காக அப்படி செஞ்சிருக்கான்."

சமையலறையிலிருந்து ஜாஹிரா, "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்," என்றாள். அவள் வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் சூரிய நமஸ்காரம் செய்ததில்லை. ஆனால் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை கண் திறந்தது. முதலில் தெரிந்தது சுவரில் தொங்கிய காலண்டர். தேதியைப் படிக்க முடிந்ததில் அவருக்குக் கண்ணீர் வந்தது. இது வேறு கண்ணீர், ஜாஹிராவுக்கு வித்தியாசம் தெரிந்தது, கேலி செய்யாமல் டீ கொண்டுவந்தாள். இரண்டாம் தடவை மெட்ராஸ் போய்க் கறுப்பை வாங்கிவந்தார். சக்கரபாணி லேபிலிருந்து ஒரு மஞ்சள் கண்ணாடி கொடுத்தனுப்பியிருந்தார். டியூப்புக்கு மேலே தகரத்தை வளைத்து, வெளிச்சம் தாள்மேல் மட்டும் விழும்படி கூரை போட்டார். லென்ஸுக்கு மஞ்சள் பில்டர். சுவிட்சைப் போடுமுன் கண்ணாடி முகத்தில் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். சூடு கண்ட பூனை.

விளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு ஊதா. அதன் கீழே தாள் நிலா பட்ட சுவர் போல வெளிறியது. முதலில் நாலு மூலையும் எழுந்தன. பகலில் அங்கே ஒன்றுமே இல்லை. இப்போது மூலைக்கொரு விரலகலம் மஞ்சள், தடவின கையின் இழுப்போடு பச்சையும் மஞ்சளுமாக எரிந்தது. தண்ணீருக்கு மஞ்சள் கரையவில்லை. பிறகு ஒவ்வொரு வரியாக எழுத்து கறுத்து வந்தது. வருஷம், மாசம், முகூர்த்த நேரம், ஆதிமூலம் என்ற பெயர். அடுத்த வரியைப் படித்துவிட்டு அன்வர் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். கண் நன்றாகத்தான் இருந்தது. பெண்ணின் பெயர் உண்ணாமலை என்றிருந்தது.

இரண்டு நிமிஷம் எக்ஸ்போஷர் வைத்து எடுத்தார், கழுவினார், பிரிண்ட் போட்டுக் கம்பியில் மாட்டினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசுக்குள் அந்தப் பெரியவர் நின்றார். தாளில் இருந்தது ஒன்று, அவர் வாயில் வந்தது ஒன்று. செத்தவள் பெயரைப் பந்தலில் படிக்கக்கூடாது என்று அந்த நிமிஷத்தில் நாக்கை மாற்றியிருப்பார். நல்ல மனுஷன். அந்த நல்லதுதான் முப்பது வருஷம் கழித்து இவர் கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது.

காசியம்மாள் வியாழக்கிழமை மத்தியானம் கடை வேலையை முடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பிரிண்டைக் கொடுத்தார். எழுத்து வந்துவிட்டதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. விரலை வரிகளின்மேல் கொஞ்சம் உயரத்தில் ஓட்டினாள்.

"எம் பேரு எங்க இருக்குதுங்க பாய்?"

அவரும் அந்தப் பெரியவரைப் போலப் படித்துவிடலாம். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் விசாரணையில் இதைப் படிக்கப் போகிறவனுக்கு இவள்மேல் என்ன கரிசனம்? நாலு பேர் முன்னால், கொழுந்தன் பக்கத்தில் நிற்க, அங்கே தெரிந்துகொள்வாள்.

"உங்கக்கா பேரு என்னம்மா?"

"உண்ணாமலைங்க."

"அந்தப் பேருதாம்மா எழுதியிருக்குது."

அவள் விரல் அப்படியே நின்றது.

"மஞ்ச தடவின காயிதத்த மாத்தி எழுதக்கூடாதும்பாரு எங்கப்பா," என்றாள். "எதுக்கு எங்கிட்ட அத சொல்லிக்கினே இருந்தாருன்னு இப்பதான் தெரியுது." பிறகு, "தாலி கட்டுன அந்த ஆளும் ஒரு நாள்கூட என்னைய பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. ஏ இவளேம்பாரு. எல்லா ஆம்பளையும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அன்வர் பாஷாவுக்குத் தெரிந்த தொழிலில் ஒரு வழி இருந்தது. அதைச் சொன்னார்.

"அந்த ஒரு வரி வராம பிரிண்ட் போடலாம்மா. தண்ணி பட்டு போன மாதிரி இருக்கும். மாப்ள பேரு, தேதி, எல்லாம் இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது."

"அக்காவ இன்னொரு தடவ சாவடிக்கவா?" என்றாள். கோபமில்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரி கேட்டாள். "வேணாங்க. திங்கக்கெழம என்ன ஆவுதோ ஆவட்டும். அந்த வெளக்கப் போடுங்க, நான் ஒரு தடவ பாக்கணும்."

இருட்டறையில் மேஜைமேல் தாளை வைத்தார். மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி அவள் காதில் மாட்டிவிட்டார். தமக்கு இல்லாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளக்கை நேரே பார்க்காதே, தாளை மட்டும் பார் என்று சொல்லி சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "எதுங்க அவ பேரு?" என்றாள். மூணாவது வரியில் முதல் வார்த்தை என்றார். அவள் கையை நீட்டினாள்.

அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். பெயர்மேல் படாமல் அதன் கீழே வந்து நின்ற விரல்களில், தினம் அரைத்து அரைத்து எந்தச் சோப்புக்கும் போகாமல் நகக்கண்ணில் தங்கிப்போன மஞ்சள், தாளின் நாலு மூலையிலும் எரிகிற அதே நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.