பயிற்சி வண்டியின் மூன்றாவது பேட்டரி

பயிற்சி வண்டி வியாழக்கிழமை காலை மைதானத்தின் நடுவில் நின்றுவிட்டது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் சீட்டுக்கடியிலிருந்து பல்லி கத்துவதுபோல 'டிக், டிக்' என்று வந்ததே தவிர, என்ஜின் அசையவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. தொட்டேன், அவ்வளவுதான்," என்றார் வண்டிமேல் இருந்த மாமியார்.

"உங்க மேல தப்பில்ல அத்தை. பேட்டரி போயிடுச்சு. இறங்குங்க," என்றாள் மருமகள்.

பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது மருமகளின் தொழில். 'கிளட்ச், கிளட்ச்!' என்று நாள் முழுக்கக் கத்துவதால் மாணவிகள் அவளுக்குக் கிளட்ச் டீச்சர் என்று பேர் வைத்திருந்தார்கள். நான்கு மாதங்களுக்கு முன் மாமியார் தானாகவே வந்து, "எனக்கும் கத்துக்குடு. உன் புருஷன் பின்னால உக்காந்து அவன் முதுகையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு," என்றார். அவர் தையல்காரர். மூன்று அலுவலகங்களுக்குச் சீருடை தைத்து, தானே கொண்டுபோய்க் கொடுப்பவர். மூட்டையோடு பஸ் ஏறி இறங்கியே ஐம்பத்தேழு வயதில் முட்டி தேய்ந்திருந்தது. டீச்சர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று மாலையே அவர் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் ஒன்றைத் தேடி வாங்கி வந்தாள்.

இப்போது சனிக்கிழமை காலை லைசென்ஸ் தேர்வு. மாமியாரோடு சேர்த்து ஆறு பேர், வண்டியோ ஒன்றுதான். அதற்குக் கிக்கரும் கிடையாது. தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டியபின், மேட்டின் பாதியில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, பின்னால் உருளாமல் மேலே ஏற்ற வேண்டும். வண்டி கிளம்பாவிட்டால் அதிகாரி காரணம் கேட்கமாட்டார். அடுத்த மாதம் வா என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மதியம் சாப்பிடும்போது விஷயம் கொழுந்தனார் காதுக்குப் போனது. செல்போன் கடை வைத்திருக்கும் அவருக்கு ஊரில் எல்லாக் கடையிலும் ஒரு 'நம்ம ஆள்' உண்டு. போன வருடத்திலிருந்து இந்த வண்டிக்கு இரண்டு பேட்டரி வாங்கி மாட்டியவர் அவர்தான். முதலாவது ஆறு மாதம் வந்தது. இரண்டாவது ஐந்து மாதத்தில் இன்று காலை கண்ணை மூடியிருந்தது.

"ஒரு போன் போட்டா அரை மணியில பேட்டரி வாசல்ல நிக்கும் அண்ணி," என்றார் அவர்.

"வேணாம் தம்பி. இந்தத் தடவை நானே பாத்து வாங்குறேன்."

"பேட்டரியில பாக்க என்ன இருக்கு? கறுப்பா ஒரு டப்பா. என்னமோ மாப்பிள்ளை பாக்கப் போற மாதிரி சொல்றீங்க."

"மாப்பிள்ளைய அப்படிப் பாத்திருந்தா உனக்குக் கல்யாணமே ஆகியிருக்காதுடா," என்றார் மாமியார், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

கொழுந்தனாரே சிரித்துவிட்டார். டீச்சர் மட்டும் தட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மைதானத்துல ஒருத்தி விழுந்தா அவ தப்பா இருக்கலாம். ரெண்டு பேர் அதே இடத்துல விழுந்தா அங்க ஏதோ பள்ளம் இருக்குன்னு அர்த்தம். அதைப் பாக்காம மூணாவது ஆளை அனுப்பக் கூடாது."

நான்கு மாணவிகள் தள்ள, இரண்டாவது கியரில் வண்டியை உயிர்ப்பித்துக்கொண்டு அவள் கடைத்தெருவுக்குப் போனாள். முதலில் போனது கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள பெரிய கடை. விற்பனையாளர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் மேடம் இப்ப எல்லாரும் வாங்குறது. உங்களுதைவிடப் பெருசு. ரெண்டு வருஷம் கேரண்டி."

அவள் பேட்டரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் அச்சடித்த எண்களில் தயாரித்த மாதமும் வருடமும் இருந்தன.

"இது செஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சே?"

"புதுசுதான் மேடம், பெட்டியே பிரிக்கல."

"பிரிக்காம வச்சிருந்தாலும் அதுக்கு வயசாகுமில்ல? நடுவுல சார்ஜ் போட்டீங்களா?"

விற்பனையாளர் சிரித்து மழுப்பினார். அவள் பேட்டரியை வெளியே எடுத்துப்போய், சீட்டைத் தூக்கி, பழையதைக் கழற்றிவிட்டு, வண்டியின் பேட்டரிப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். அரை அங்குலம் வெளியே துருத்தியது.

"அந்த ஓரத்தைக் கொஞ்சம் தட்டிவிட்டா உக்காந்துடும்," என்றார் அவர்.

"செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டச் சொல்றீங்க," என்றாள் டீச்சர். பேட்டரியைப் பத்திரமாக அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பழையதை மறுபடி மாட்டி, வண்டியைத் தெருவின் இறக்கத்தில் உருட்டிக் கிளப்பினாள்.

அடுத்த கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. பெயர்ப்பலகை வெளுத்துப்போயிருந்தாலும் உள்ளே தரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சுவரோரம் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜில் நின்றன. ஒவ்வொன்றின்மேலும் சாக்பீஸால் தேதி எழுதியிருந்தது. பேட்டரிக்காரர் தடித்த கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். எந்தப் பேட்டரி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

"வண்டி எப்படி ஓடுது? தூரமா, கிட்டயா?"

அந்த ஒரு கேள்வியிலேயே சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. "தூரமே கிடையாது அண்ணே. மைதானத்துக்குள்ள முதல் கியர்லயே சுத்தும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை அணைஞ்சு ஸ்டார்ட் ஆகும். பகல்லயும் லைட் எரியும்."

"அப்ப செலவு ஜாஸ்தி, வரவு கம்மி." அவர் வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஓடுறப்ப பேட்டரிக்கு வரவு வருதான்னே முதல்ல பாப்போம்."

தன்னிடமிருந்த நல்ல பேட்டரி ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். மீட்டரின் இரண்டு முனைகளையும் டெர்மினல்களில் வைத்தார். பதின்மூன்று வோல்ட்டைத் தாண்டி எண் ஏறவில்லை.

"பதினாலுக்கு மேல வரணும். இது சோறு போடாம வேலை வாங்கியிருக்கு."

இருவரும் சேர்ந்து தேடினார்கள். அவள் வயரை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனாள். டாங்கிக்குக் கீழே, சட்டத்தோடு வயர் சேரும் போல்ட்டில் அவள் விரல் நின்றது. பச்சையும் வெள்ளையுமாக அரிப்புப் பொடி ஒட்டியது.

"அண்ணே, இங்க."

அவர் குனிந்து பார்த்து, உப்புத்தாளை அவளிடமே நீட்டினார். செம்பு பளபளக்கும்வரை அவள் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாள். மறுபடி ஸ்டார்ட் செய்து முறுக்கியபோது மீட்டர் பதினான்கு புள்ளி மூன்று காட்டியது. அவளுக்கு ஒரு மாணவி முதல்முறை காலூன்றாமல் எட்டுப் போட்டுவிட்டதுபோல் இருந்தது.

"இதைப் பாக்காம மாட்டியிருந்தா தங்கத்துல செஞ்ச பேட்டரியும் அஞ்சு மாசம்தான்," என்றார் பேட்டரிக்காரர்.

அதன்பிறகே பேட்டரியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். எடை குறைந்த புது ரகம் ஒன்றைக் காட்டி, சரக்கு நல்லதுதான், ஆனால் அதற்கென்று தனிச் சார்ஜர் வேண்டும், இந்த வண்டிக்கு அது தேவையில்லை என்று அவரே ஒதுக்கினார். கடைசியில் அவள் எடுத்தது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சாதாரண மூடிய ரகம். பழையதன் அதே அளவு. டெர்மினல்கள் அதே பக்கம். செய்தது போன மாதம். மீட்டர் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரை.

"இப்பவே மாட்டினாலும் ஓடும்," என்றார் அவர். "ஆனா அரை வயித்தோட வேலைக்கு அனுப்புற மாதிரி. மெதுவா முழுசா சார்ஜ் ஏத்தித்தான் குடுப்பேன். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. சார்ஜர் ஒண்ணும் வாங்கிப் போங்க. உங்க ஓட்டத்துக்கு வாரம் ஒரு தடவை வீட்லயும் போடணும்."

தேர்வுக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு பயிற்சி நாள். அதுவும் போகும். அவள் ஒரு நொடிதான் தயங்கினாள்.

"முழுசா ஏத்துங்க அண்ணே. நாளைக்கு வர்றேன்."

அணையும்போதெல்லாம் தள்ளிக் கிளப்ப முடியாது என்பதால் வெள்ளிக்கிழமை வகுப்பு என்ஜின் இல்லாமலே நடந்தது. மைதானத்தில் சாக்பீஸால் எட்டு வரைந்து, வண்டியில் ஒருத்தி உட்கார, இரண்டு பேர் தள்ள, பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும் என்று டீச்சர் கத்திக்கொண்டிருந்தாள். மாமியார் வீட்டுக்கு வந்தும் விடவில்லை. தையல் மிஷினின் பெடலில் காலை வைத்துக்கொண்டு, இடது கையால் இல்லாத கிளட்சை மெதுவாக விட்டுவிட்டுப் பிடித்தார். கொழுந்தனார் வாசலில் நின்று, "நாளைக்கு வண்டி நின்னா என்னைக் கேக்கக் கூடாது," என்றார். "கேக்கமாட்டோம்டா," என்றார் மாமியார், கையை நிறுத்தாமல்.

நான்கு மணிக்குப் பேட்டரி தயாராக இருந்தது. பன்னிரண்டு புள்ளி எட்டு. முதலில் நேர்முனை, பிறகு எதிர்முனை என்று டீச்சரே மாட்டி, ஆடாமல் இருக்கப் பட்டையைப் போட்டாள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மீட்டர் பத்தரைக்கு இறங்கி உடனே மீண்டது. அணைத்தாள். ஸ்டார்ட் செய்தாள். அணைத்தாள். கடை வாசலில் பதினைந்து தடவை இப்படிச் செய்ததைப் பேட்டரிக்காரர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"தேர்வு யாருக்கும்மா? உங்க பொண்ணுங்களுக்கா, என் பேட்டரிக்கா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணே."

சனிக்கிழமை தேர்வு மைதானத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொழுந்தனாரும் வந்திருந்தார். அவர் கையில் ஒரு பை இருந்தது. என்னவென்று கேட்டபோது, "சும்மா ஒரு முன்ஜாக்கிரதை," என்று 'நம்ம ஆள்' கடைப் பேட்டரி ஒன்றை எடுத்துக் காட்டினார். டீச்சருக்குக் கோபம் வரவில்லை. "வெயில்ல வைக்காதீங்க தம்பி, நிழல்ல வைங்க," என்றாள்.

முதல் மூன்று பேரும் தடுமாறாமல் முடித்தார்கள். நான்காவது பெண் எட்டின் வளைவில் காலை ஊன்றித் தோற்றாள். அழுதவளிடம் டீச்சர், "பார்வையக் கீழ போட்டுட்ட. அடுத்த மாசம் நீ வருவ, வண்டியும் வரும்," என்றாள். ஐந்தாவது பெண் தேறினாள். அதற்குள், காலை ஒத்திகையையும் சேர்த்து, வண்டி முப்பது தடவைக்குமேல் ஸ்டார்ட் ஆகியிருந்தது.

கடைசியாக மாமியார். எட்டை நிதானமாகப் போட்டார். தையல் மிஷினில் வளைவு ஓட்டியவருக்கு அதில் சிரமமில்லை. மேட்டின் பாதியில் நிறுத்தி அணைத்தார். பொத்தானை அழுத்தினார், வண்டி கிளம்பியது. கிளட்சைச் சட்டென்று விட்டார், அணைந்துபோனது.

"மூணு தடவைதான்மா," என்றார் அதிகாரி.

இரண்டாம் தடவையும் அதே. வண்டி உறுமியது, குலுங்கியது, அடங்கியது. கொழுந்தனார் பையைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னே வந்தார். "அண்ணி, பேட்டரி இறங்கிடுச்சு போல."

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. அத்தைக்குத்தான் மூச்சு வாங்குது." அவள் குரலைக் கூட்டினாள். கத்துவதற்குத் தடையில்லை, தொடுவதற்குத்தான் தடை. "அத்தை! அவசரமில்ல! ஸ்டார்ட் ஆகும். அதைப் பத்தி நினைக்காதீங்க. கையை மட்டும் பாருங்க!"

மாமியார் இடது கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து, புடவையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பிடித்தார். பொத்தானை அழுத்தினார். தொட்டதும் என்ஜின் பிடித்தது. கிளட்சை நூல் விடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறி, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சீருடை மூட்டையைப் பயிற்சி வண்டியின் சீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மாமியார் தன் முதல் அலுவலகத்துக்குக் கிளம்பினார். போகும் வழியில் தன்னை மூன்று பேர் முந்திப் போனதாகவும், அதில் இரண்டு பேருக்குக் கிளட்ச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்றும் வந்து சொன்னார். தோற்ற பெண் அடுத்த மாதம் தேறினாள். கொழுந்தனார் பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிறு காலை தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பேட்டரிக்காரரிடமிருந்து அவள் வாங்கி வைத்திருந்த மீட்டரைக் காட்டி, "அந்த மீட்டரை இதுலயும் வச்சுப் பாருங்க அண்ணி," என்றார். டீச்சர் சீட்டைக் கழற்றச் சொன்னாள்.