எட்டுக்கால் சில்லும் ஏழரை பஸ்ஸும்

1.

புகார் சொல்லப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த கதை இது. தில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில், என் தலைக்கு மேல் வீட்டில் இருப்பவர் சுப்பையா. விமான நிலையத்தில் ரேடார் கருவிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரே பாட்டின் ஒரே அரை நிமிஷம் மேலேயிருந்து நாற்பது தடவை கேட்டது. மாடியேறிப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும் வந்த காரியம் மறந்துவிட்டது. திருட்டுக் கொடுத்தவர் மாதிரியும் இருந்தார், திருடியவர் மாதிரியும் இருந்தார்.

(இந்த உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. இருக்கட்டும்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இசை என்பது மௌனத்தின் உள்ளே..." [நிறுத்திவிட்டேன். சுப்பையா படித்தால் எழுந்து போய்விடுவார்.]

பிறகு இப்படி: "தில்லியில் அன்று கடும் பனிமூட்டம்..." [அன்று நல்ல வெயில்.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். சுப்பையா தன் கையாலேயே ஒரு சிடி பிளேயர் கட்டினார். தட்டைச் சுழற்றும் பகுதி ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. டிரான்ஸ்பார்மர் பிரஷர் குக்கர் கனம். மேல்மூடி எவர்சில்வர் தாம்பாளம். அத்தனையும் ஒரே ஒரு சிடிக்காக. இருபது வருஷத்துக்கு முன் லக்ஷ்மிபாய் நகர் பள்ளிக்கூட அரங்கில் அவர் மனைவி லதா செய்த கச்சேரி அது. முதல் கச்சேரி. கடைசியும் அதுதான். அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தார், மகள் சிந்துவுக்குப் பரீட்சைகள் வந்தன, தம்புரா பரண் ஏறியது.

இப்போது லதா சிந்துவின் பிரசவத்துக்காகப் புனே போயிருந்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "நான் வாரதுக்குள்ள இந்த டப்பாவ ஒழுங்காப் பாட வைங்க. என் குரலே எனக்குப் போர்வைக்குள்ள இருந்து கேக்குது."

3.

லஜ்பத் ராய் மார்க்கெட்டில் அலைந்து நல்ல கெப்பாசிட்டர்கள் வாங்கி மாற்றினார் சுப்பையா. போர்வை விலகியது. தம்புராவின் நாலு தந்தியும் தனித்தனியே எழுந்து நின்றன. மின்சாரம் கொடுக்கும் பலகையைப் புதிதாகக் கட்டினார். மேடை மின்விசிறி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள், இருமியவர் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதுகூடத் தெரிந்தது. சுப்பையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொன்றையும் போனில் லதாவுக்குச் சொன்னார்.

கடைசியாக ஆப்-ஆம்ப். ஒலியைப் பெருக்கி அனுப்பும், எட்டுக் கால் உள்ள கறுப்புச் சில்லு. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைக் குழியில் அழுத்தினார். ஆனந்தபைரவி. லதா மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து நின்றுவிட்டு மூச்சு வாங்குகிறாள். அந்த இடைவெளியில், முன்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல்:

"இவ எப்ப முடிப்பா? ஏழரை பஸ்ஸு போயிருமே."

குரல் சுப்பையாவினுடையது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு சில்லை மாற்றினால் இவ்வளவு கேட்குமா என்று என்ஜினீயர்கள் சண்டைக்கு வருவார்கள். நானும் கேட்டேன். "நீங்களே கேளுங்க சார்" என்று நாற்பத்தோராவது தடவையாகப் போட்டார். கேட்டது. ஒருவேளை முன்பும் கேட்டிருக்கும். அப்போதெல்லாம் அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.)

4.

இந்த இடத்தில் சுப்பையாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மனைவி பாடும்போது பஸ்ஸை நினைக்கிற ஆளை வாசகர் மன்னிப்பாரா? கொஞ்சம் பூசி மெழுகிப் பார்த்தேன்: "வீட்டில் குழந்தை சிந்து காய்ச்சலில்..." [காய்ச்சலெல்லாம் இல்லை. மனுஷனுக்குப் பசி. கேட்டேன், ஒப்புக்கொண்டார்.]

லதா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சனிக்கிழமை மத்தியானமே அவர் பழைய சில்லைத் திரும்ப மாட்டி, புதியதைச் சட்டைப் பையில் ஒளித்துவிட்டார். அவர் குரல் அமுங்கியது. கூடவே லதாவின் மேல் சுரமும் மங்கியது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. பொறுத்துக்கொண்டார்.

லதா குளித்து, காபி குடித்து, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். அந்த இடம் வந்தது, போனது. சுப்பையா மூச்சு விட்டார். லதா கண்ணைத் திறந்தாள்.

"காணுமே?"

"எது?"

"உங்க குரல். இந்த எடத்துல என்னமோ சொன்னீங்க. மேடைல எனக்குக் கேட்டுச்சு, வார்த்தைதான் வெளங்கல. 'அடடா'ன்னு நெனைக்கேன். அதக் கேக்கத்தான் இந்த டப்பாவச் சரி பண்ணச் சொன்னேன்."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கூச்சமா இருந்துச்சு."

சுப்பையா தொண்டையைச் செருமினார். "அது சிடில வராது லதா. மைக்கு தள்ளி இருந்துச்சு."

"அச்சா. ஃபேன் சத்தம் வரும், எவனோ இருமுனது வரும், நீங்க மட்டும் வர மாட்டீங்களோ?" அவள் பார்வை இறங்கியது. "பைய ஏன் பொத்திக்கிட்டே இருக்கீங்க?"

5.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

சில்லு கைதவறி விழ, சுப்பையா அதை மிதித்துவிடுகிறார். [கோழைத்தனம். அவருடையதல்ல, என்னுடையது.]

உண்மையை ஒப்புக்கொள்கிறார், இருவரும் கண் கலங்கிச் சிரிக்கிறார்கள். [சீரியல் வாடை.]

இப்போது ஓர் 'அடடா'வைப் பதிவு செய்து சிடியில் ஒட்டிவிடுகிறார். [இதைப் புதன்கிழமை அவரே யோசித்தாராம். ஒத்திகையும் பார்த்தாராம். கிழவர் குரலாக இருந்ததால் விட்டுவிட்டார்.]

நடந்ததை மறுவாரம் லிப்டில் சொன்னார். லதா அப்படிக் கேட்டதும் பையிலிருந்து சில்லை எடுத்தாராம். ஒரு கால் வளைந்திருந்தது. நகத்தால் நிமிர்த்தி, குழியில் அழுத்தி, பாட்டைப் போட்டார். மேல் சுரம் திறந்துகொண்டது. நாற்பத்தொரு தடவையும் அடுத்து வரும் பஸ்ஸுக்காகவே காத்திருந்தவர், அந்தச் சுரம் எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் கேட்டார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஒரு சொல் விடாமல்.

சுப்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லதாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் பார்க்காததை நான் எழுதுவது முறையல்ல.

அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவை போடுங்க."

எந்தக் குரலில் சொன்னாள் என்று விடாமல் கேட்டேன். அவர் கெப்பாசிட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், லிப்ட் நின்றது, இறங்கிப் போய்விட்டார். என்னிடம் இருப்பது மூன்று சொற்கள். அவற்றுக்குக் குரல் நீங்கள் கொடுத்துக்கொள்ளுங்கள்.