சான் எலிகியோவில் நின்ற அலை

சான் எலிகியோவுக்கு வந்த அலை விழவில்லை. நவம்பர் புயலன்று காலையில், மாதா கோயில் கோபுரத்தைவிட ஒரு தென்னை உயரம் கூடுதலாக எழுந்து வந்த கடல், மீன் சந்தையின் தகரக் கூரைக்கு முன்னால் அப்படியே நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. சாமர் தீவின் கிழக்குக் கரையில் அதற்கு முன்னும் பின்னும் விழுந்த அலைகள் உண்டு. நின்றது இது ஒன்றுதான்.

நிறுத்தியவள் ஹெர்மினியா. சந்தையில் மத்தி விற்பவள். அவள் விலை கூவினால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சில்லறை எடுப்பார்கள் என்பார்கள். அப்பன், தம்பி, புருஷன் என்று மூன்று பேரையும் கடலுக்குக் கொடுத்தவள். ஒரு உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. புயலன்று ஊரே குன்றின் மேலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடியபோது அவள் மட்டும் தன் ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தை வாசலில் நின்றாள். வெளிச்சம் பச்சையாக மாறவும் நிமிர்ந்து பார்த்தாள். பயத்தில் அலறத்தான் வாயைத் திறந்தாள், வந்தது கோபம்.

"வா, வா, வெக்கங்கெட்ட ஜென்மமே! எங்கப்பன முழுங்குன. தம்பிய முழுங்குன. கட்டுன புருஷன முழுங்கிட்டு ஒரு செருப்பாச்சும் திருப்பிக் குடுத்தியா? இப்ப ஐஸ் பெட்டிக்கு வந்துட்டியா? நில்லு அங்கயே!"

அலை நின்றது. நுனியில் நுரை அசைந்தது, உள்ளே மீன்கள் நீந்தின, ஆனால் முன்னால் வரவில்லை. புயல் ஓய்ந்ததும் மேயர் எலாடியோ குன்றிலிருந்து இறங்கி வந்தார்.

"அக்கா, இது எப்ப விழும்?"

"எனக்கென்ன தெரியும்? நிக்கச் சொன்னேன், நிக்குது. வழிய விடுங்க, மீனு கெட்டுப்போவுது."

எதிர்க்கடை பஸிலியாவுக்கு இது பொறுக்கவில்லை. சந்தையில் இடம் பிடித்த தகராறில் ஹெர்மினியாவோடு பேச்சை விட்டிருந்தவள் அவள். "இவளுக்குப் பயந்தா நிக்குது? இவ வாய் நாத்தம் தாங்காம நிக்குது" என்றாள். ஊர் சிரித்தது, சிரித்ததில் பாதிப் பயம் போயிற்று. மீதிப் பயம் அடுத்தடுத்த வருஷங்களில் போனது. சூரியன் அலைக்குள் புகுந்து வருவதால் விடியல் பச்சையாகவும் தாமதமாகவும் ஆனது. சேவல்கள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டன. பெண்கள் ஏணி போட்டு ஏறி, கணவாயைக் கத்தரிக்காய் பறிப்பதுபோலப் பறித்தார்கள். படகுகளைக் கப்பி கட்டி மேலே ஏற்றினார்கள். திரும்பும்போது அவை சறுக்கிக்கொண்டு வந்தன. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே திருக்கைகள் போவதைப் பார்த்தார்கள். ஹெர்மினியா தினமும் கடை திறக்கும் முன் அலையை நாலு திட்டுத் திட்டினாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

பிறகு மாகாணத்திலிருந்து உத்தரவு வந்தது: அலைக்கு அடியில் யாரும் குடியிருக்கக் கூடாது, ஊர் மொத்தமும் மலைக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே கடலின் வாசனைகூட வராது. உத்தரவோடு இன்ஜினியர் தெல்மா வந்தாள். அந்தச் சமயம் பார்த்து ஹெர்மினியாவுக்குக் குரல் போயிருந்தது. தொண்டையில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். இனி பேச்சு வராது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரமாகத் திட்டு வாங்காத அலை, தெல்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மெல்ல முன்னால் சாய்ந்தது. சாலையில் நண்டுகள் விழுந்தன. நகராட்சிக் கட்டடத்தின் மேல் முதல் தண்ணீர் சிந்தியது.

"ஓடுங்க! எல்லாரும் மேல ஓடுங்க!" என்று தெல்மா கத்தினாள்.

யாரும் ஓடவில்லை. எல்லோரும் ஹெர்மினியாவைப் பார்த்தார்கள். அவள் அலைக்கு முன்னால் போய் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. தன் உடம்பில் இத்தனை ஆத்திரம் இருந்தும் அதற்கு வழியில்லாமல் போனதை நினைத்து முதல் தடவையாக அவள் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தாள். கள்ளுக்கடைக்குள் போய் பாட்டுப் பாடும் கரோக்கிப் பெட்டியின் மைக்கை ஒயரோடு இழுத்துக்கொண்டு வந்து, பஸிலியாவின் கையில் திணித்தாள்.

"எங்கிட்டயா? நமக்குள்ள பேச்சே கெடையாதே" என்றாள் பஸிலியா. ஹெர்மினியா அவள் தோளைப் பிடித்து அலைப்பக்கம் திருப்பிவிட்டாள். பஸிலியா மேலே பார்த்தாள். அவளும் ஒரு மகனைக் கடலுக்குக் கொடுத்தவள்.

"நீந்தத் தெரிஞ்ச புள்ளடா அவன்," என்றாள். "நீந்தத் தெரிஞ்சவனையே கொன்னியே, நீயெல்லாம் ஒரு கடலா? தூ! போ பின்னால!"

சாய்வு நின்றது. மைக் கை மாறியது. பங்குச் சாமியார் கடலில் போன தன் அண்ணனுக்காகத் திட்டினார். பிரசங்கத்தில் கேட்டிராத வார்த்தைகள். மேயர், "மதிப்பிற்குரிய கடலே" என்று ஆரம்பித்தார். "ஓட்டா கேக்குறீங்க? திட்டுங்கய்யா!" என்று கூட்டம் கத்த, அவரும் திட்டினார். கடைசியில் தெல்மா தானாகவே மைக்கை வாங்கினாள். கப்பல் மூழ்கி இறந்த அம்மாவைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, கடலிடம் சொன்னாள். அவள் முடித்தபோது ஊர் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. தகரக் கூரைகள் அதிர்ந்தன. ஹெர்மினியா நெஞ்சில் கை வைத்து நின்றாள்; அத்தனை பேர் வாயிலும் தன் குரல் போவது அவளுக்குக் கேட்டது.

அலை நிமிர்ந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, பழைய படகுத்துறைக்கு அப்பால்வரை பின்வாங்கிப் போய் நின்றது. நடுவில் ஈரமான, வெள்ளையான, அகலமான ஒரு கடற்கரை கிடந்தது.

தெல்மா உத்தரவைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊரிலேயே வீடு பார்த்துக்கொண்டாள். திட்டும் வேலையைத் தெருவுக்குத் தெரு முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சாமியாருடையது. அலை பின்வாங்கிய அன்று சாயங்காலமே புதுமணலில் நெருப்பு மூட்டிப் பன்றி சுட்டார்கள், கள் ஊற்றினார்கள், கரோக்கியில் பாட்டுப் போட்டார்கள். பஸிலியா பாட, ஹெர்மினியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாள். மேயரை இழுத்து ஆடவிட்டாள், தெல்மாவை இழுத்தாள். அவர்களுக்குப் பின்னால் கோபுரத்தைவிட உயரமாகக் கடல் நின்றுகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பன்றி வெந்துவிட்டது.