சின்னவள் ஓட்டிய விளிம்பு

...அப்படி என்ன அதிசய வளைவு அது, ஒரு மேடு, ஒரு பள்ளம், அவ்வளவுதானே, வெட்டுகிற பிட்டை மாட்டி ரவுட்டர் மெஷினை விளிம்போடு ஓட்டினால் யார் கைக்கும் வந்துவிட்டுப் போகிறது... பெரியவள் தூசிக்குக் கட்டும் துணியை மூக்குக்கு மேல் இழுத்து இறுக்கிக்கொண்டாள். வாய் மூடியிருப்பதே நல்லது, இல்லாவிட்டால் எதையாவது சொல்லித் தொலைப்பாள். தச்சுப் பட்டறை நடுவில் பல் டாக்டரம்மாவின் சாப்பாட்டு மேசைப் பலகை படுத்திருந்தது. அதன் விளிம்பை இன்றைக்கு ஓட்டப்போவது அவள் இல்லை, சின்னவள், கொழுந்தன் பெண்டாட்டி. இந்தப் பட்டறையில் அறுப்பது பெரியவளின் புருஷன், கோப்பது கொழுந்தன், விளிம்பு என்றால் அவள், அவள் மட்டும்தான், கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான். இந்த ஒரு மேசை நன்றாக வந்துவிட்டால் அடுத்ததும் சின்னவளுக்கு, அதற்கடுத்ததும் சின்னவளுக்கு. பிறகு இவளுக்கு என்ன மிச்சம்? உப்புத்தாள் தேய்க்கலாம், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடலாம், அக்கா அக்கா என்று கூப்பிட்டால் என்னம்மா என்று ஓடலாம்.

எல்லாம் அந்த டாக்டரம்மாவால் வந்தது. மாதிரிக் கட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டினார்கள், எல்லாம் பெரியவள் ஓட்டியவை, அரைவட்டம், சரிவு, குழிவு, ஒவ்வொன்றையும் அந்த அம்மாள் சொத்தைப் பல் தேடுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போய்க் கடைசியில் இருந்ததில் நின்றுவிட்டாள். அது சின்னவள் விளையாட்டாக ஓட்டிப் பார்த்த கட்டை. அதை யார் அங்கே கொண்டுவந்து வைத்தது? "அது எங்க சின்னவ கைவேலை" என்று சொன்னாரே இவள் புருஷன், அந்தக் குரல்... இத்தனை வருஷத்தில் ஒரு கட்டையைக் காட்டி, இது என் பெண்டாட்டி ஓட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னதுண்டா? பிட் நுனியில் உருளும் பேரிங் தேய்ந்துவிட்டது, மரத்தில் தடம் விழுகிறது, புது பிட் வேண்டும் என்று இவள் வாய் வலிக்கச் சொன்னபோது பார்க்கலாம் பார்க்கலாம் என்றவர், சின்னவள் கேட்ட மறுநாளே வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? மாமியார் வேறு, சின்னவ கை சுத்தம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் மற்றவள் கை என்ன அழுக்கா?

சின்னவள் குனிந்து பிட்டை மாட்டினாள். முழுக்க உள்ளே தள்ளி, பிறகு மயிரிழை வெளியே இழுத்து, அப்புறம்தான் முடுக்கினாள். சரியாகத்தான் செய்கிறாள். பெரிய பிட் என்பதால் வேகத்தைக் குறைத்தாள். அதுவும் சரி. எங்கே கற்றாள் இதையெல்லாம்? வேறு எங்கே, இங்கேதான், இவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து... "அக்கா, முதல்ல கொஞ்சமா எறக்கி ஒரு சுத்து, அப்புறம் முழு ஆழம், அப்படித்தான?" என்றாள். "உனக்குத் தெரியாததா" என்றாள் பெரியவள் துணிக்குள்ளிருந்து. பேச்சில் இருந்த குத்தல் துணியிலேயே வடிந்து போயிருக்க வேண்டும், சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான், அதைப் பார்த்துத்தான் வீடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது.

ரவுட்டர் உறுமியது. சின்னவள் நீளப் பக்கத்தில் போய் நின்றாள், பெரியவளுக்குத் திக்கென்றது. நீளப் பக்கமா முதலில்? அகலப் பக்கத்தை அல்லவா முதலில் ஓட்ட வேண்டும், அங்கே மர நார் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும், பிட் வெளியேறும் மூலையில் மரம் சிம்பாகப் பெயரும், பெயர்ந்தால் பெயரட்டும், பின்னால் நீளத்தில் ஓட்டும்போது அது சீவுண்டு போய்விடும். மாற்றிச் செய்தால் பெயர்ந்தது பெயர்ந்ததுதான். கட்டைத் துண்டில் இது தெரியாது, பலகையில்தான் தெரியும். இதைச் சொல்லிக் கொடுக்கவில்லையா நான்... கேட்கவில்லை, சொல்லவில்லை, கேட்காததற்கு யார் என்ன செய்வது? இரண்டு நீளப் பக்கமும் முடிந்தன. வளைவு வழுவழுவென்று அழகாக வந்திருந்தது, பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. சின்னவள் அகலப் பக்கத்துக்கு வந்தாள், ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், ரவுட்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஓட்டலாமாக்கா?" இப்போதுகூடச் சொல்லலாம், மூலையில் ஒரு துண்டுக் கட்டையை ஒட்ட வைத்துப் பிடி என்றால் போதும், மேசை பிழைத்துவிடும், பிழைத்தால் அவள் பெயர்தான் நிலைக்கும்... ஓட்டு என்று பெரியவளின் தலை ஆடியது. தானாக ஆடியதா, ஆட்டினாளா?

சடக்கென்று ஒரு சத்தம். மூலையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சிம்பு பறந்து தரையில் விழுந்தது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி, ஆமாம், குளிர்ச்சிதான், எதற்குப் பொய், அது அடங்குவதற்குள் புருஷன் வந்துவிட்டார். மூலையைப் பார்த்தார், சின்னவளைப் பார்க்கவில்லை, நேரே இவளைப் பார்த்தார். "நீ பக்கத்துலதான நின்ன? அகலத்த முதல்ல ஓட்டணும்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" நின்றேன், பார்த்தேன், தலையாட்டினேன்... இதோ இப்போது அவள் வாயைத் திறப்பாள், அக்காதான் ஓட்டச் சொன்னாங்க என்பாள், அதோடு எல்லாம் தீர்ந்தது.

"அக்கா சொன்னாங்க மாமா," என்றாள் சின்னவள். "நான்தான் கேக்கல. அவசரப்பட்டுட்டேன்." குரல் நடுங்கவில்லை. அவள் பெரியவளைப் பார்த்தாள், கோபமாகவா? இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

"சரி விடு," என்றார் அவர், அவர் குரல் அதற்குள் இளகிவிட்டிருந்தது. "நீளப் பக்கத்துல ஒரு விரல் அகலம் அறுத்துட்டா சரியாயிடும். மிச்சத்த நீயே ஓட்டிடு" என்று ரவுட்டரைப் பெரியவள் கையில் கொடுத்துவிட்டு ரம்பத்தை எடுக்கப் போனார். கேட்டது கிடைத்துவிட்டது, வேறென்ன வேண்டும்? பிட் இன்னும் சுட்டது. சின்னவள் தரையில் குனிந்து மரத்தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா... யோசித்துப் பார்த்தாள், எப்படிப் பார்த்தாலும் வாயில் வரவில்லை. அவளுக்கு வந்தது, யோசிக்காமலே வந்தது. வளைவுகூடப் பழகினால் வந்துவிடும். இது வருமா? அதற்கும் வயிறு எரிந்தது.